தீவனூர் தாண்டி

என் வீட்டுக்காரர் தனகோட்டிக்கு அந்த வண்டியின் மேல் இருக்கும் பாசத்தில் கால்வாசி என் மேல் இருந்திருந்தால் நான் இந்நேரம் ராணி மாதிரி இருந்திருப்பேன். காலையில் எழுந்து முகம் கழுவுகிறாரோ இல்லையோ, வாசலுக்குப் போய் பானெட்டைத் தூக்கிவிடுவார். ஆயில் அளக்கும் குச்சியை உருவி, துண்டால் துடைத்து, திரும்ப விட்டு எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்ப்பார். காய்ச்சல் பார்க்கிற டாக்டர்கூட அவ்வளவு கவனமாகப் பார்க்க மாட்டார்.

“பவுனு, இங்க வா. ஊர்ல இருக்குற வண்டியெல்லாம் ஆயில் குடிக்குது. நம்ம வண்டியில பாரு, ஆயில் ஏறுது.”

“பாலும் கறக்குதான்னு பாருங்க,” என்பேன்.

அவர் காதில் அது விழாது. முப்பது வருஷம் எங்கள் கொல்லையில், வயல் கிணற்றில், ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்த மனுஷர். கரண்ட் மோட்டார் வந்த பிறகும் அந்தப் பழைய இன்ஜினை விற்க மனசு வராமல் மாட்டுக் கொட்டகையில் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறார். கார் வாங்கலாம் என்றபோது எல்லாரும் பெட்ரோல் வண்டியைத்தான் சொன்னார்கள். இவர், “டீசல் இன்ஜின்னா அது பேசுறது எனக்குப் புரியும்” என்று பிடிவாதமாக ஒரு செகண்ட் ஹேண்ட் டீசல் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். புதுச் சட்டம் வந்த பிறகு வந்த மாடலாம். புகையே வராது என்று விற்றவன் சொன்னான். அந்தப் புகை எங்கேதான் போகும் என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

போன பொங்கல் கழிந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. கூட்டுரோட்டு மெக்கானிக் ஒருவர் டீசலில் ஏதோ மருந்தை ஊற்றி விளக்கை அணைத்து அனுப்பினார். கொஞ்ச நாளில் மறுபடி எரிந்தது. இன்னொருவர் ஏதோ சென்சாரை மாற்றினார். அதற்கும் அடங்கவில்லை. மூன்றாவதாகப் பார்த்தவர்தான், “டவுனுக்குள்ளயே ஓட்டுனா இப்படித்தான் ஆவும். வாரத்துல ஒரு நாள் தூரமா ஓட்டிட்டு வாங்க” என்றார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு, “ஏறு, வண்டிய ஓட்டிட்டு வரலாம்” என்று கிளம்பிவிடுவார்.

செஞ்சியிலிருந்து வெளியே போக ரோட்டுக்கா பஞ்சம்? திருவண்ணாமலை ரோடு இருக்கிறது. விழுப்புரம் பக்கம் போனால் பனமலை ஏரிக்கரையில் காற்று வாங்கலாம். இந்த மனுஷர் ஒரு தடவைகூட வண்டியை அந்தப் பக்கம் திருப்பியதில்லை. எப்போதும் திண்டிவனம் ரோடுதான். கேட்டால், “ரோடு நல்லாருக்குது” என்பார்.

திண்டிவனத்தில்தான் எங்கள் மகள் இருக்கிறாள்.

சுமலதா எங்களுக்கு ஒரே பெண். நர்ஸ் படிப்பு முடித்தாள். எங்கள் கொல்லையில் களையெடுக்க வருகிற சின்னப்பொண்ணுவின் மகன் வளவனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவன் பேங்கில் வேலை பார்க்கிறான். பேச்சிலோ நடத்தையிலோ அவனை ஒரு குறை சொல்ல முடியாது. அதனால் அவன் பிறந்த தெருவைக் குறை சொன்னார்கள். எங்கள் ஜனம் சொன்னது, இவரும் சேர்ந்து சொன்னார். எனக்குப் பொண்ணே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு ஒரு வாக்கியமும் சொன்னார்.

கல்யாணம் ஆன வாரம் சின்னப்பொண்ணு வெற்றிலை, பாக்கு, பூ, பழத் தட்டோடு எங்கள் வீட்டு கேட்டில் வந்து நின்றாளாம். சம்பந்தி ஆகிவிட்டோம், பேசித்தானே ஆகவேண்டும் என்று வந்தவள். இவர் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். வேலை முடிந்து நான் தெருவுக்குள் நுழையும்போது அவள் தட்டோடு எதிரே வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். தட்டில் பூ வாடிப்போயிருந்தது. “எவ்ளோ நேரந்தான் நிக்கறது?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்குக் கொஞ்ச நாளில் அவளும் ஊரை விட்டு மகன் வீட்டோடு போனாள்.

மூன்று வருஷம் ஆகிறது. சுமலதாவோடு போனில் பேசுகிறேன். இவர் கொல்லைக்குப் போன நேரம் பார்த்துப் பேசுவேன்.

“பஸ் ஏறுனா ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்டி. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேனே.”

“வேணாம்மா. நைனாவுக்குத் தெரியாம திருட்டுத்தனமா வராத. வந்தா ரெண்டு பேரும் முன்வாசல்ல வாங்க. எங்க அத்தை வெயில்ல நின்னுட்டு வந்தாங்க. நீ மட்டும் ஒளிஞ்சி வந்துட்டுப் போனா அவங்களுக்கு இன்னா மரியாத?”

பிடிவாதத்தை மட்டும் அப்பன் அவளுக்கு முழுசாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவள் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும், இளைத்திருக்கிறாளா என்று. போனில் குரல் வரும், கை வராது. போன வாரம் அவள் சொன்னது தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. வளவனுக்கு ஓசூருக்கு மாற்றலாம். மாசக் கடைசியில் வீட்டைக் காலி பண்ணுகிறார்களாம். பக்கத்தில் இருக்கும்போதே போகாத இந்த மனுஷரா ஓசூருக்கு வண்டியைக் கட்டப் போகிறார்?

அன்று சாயங்காலம் சோறு போடும்போது, சுவரைப் பார்த்து, “மாசக் கடைசியில ஓசூர் போறாங்களாம்” என்றேன். சுவர் பதில் சொல்லவில்லை. இவர் மோர் ஊற்றச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கூத்து எப்படி என்று சொல்லிவிடுகிறேன். செஞ்சி தாண்டி, வல்லம் தாண்டி, நாற்பதைத் தாண்டாமல் மாட்டுவண்டிக்கு வழி விட்டுக்கொண்டு போவார். தீவனூர் நெருங்கும்போது வண்டி உறுமும். முன்னால் ஃபேன் இரையும். ஏதோ தீய்கிற வாசனை வரும். உடனே ஓரம் கட்டி நிறுத்தி, சாவியைத் திருப்பிவிடுவார். பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, அங்கே கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். வண்டி ஆறியதும், “சரி, இன்னிக்கு இது போதும்” என்று செஞ்சிக்குத் திருப்பிவிடுவார்.

நான் ரோட்டோரம் நின்றுகொண்டிருப்பேன். திண்டிவனம் போகிற பஸ் ஒவ்வொன்றாகப் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற பெண்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். இன்னும் கொஞ்ச தூரம்தான். இந்த மனுஷர் நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்து, ஆசை காட்டி, வண்டி சூடு என்று சாக்குச் சொல்லித் திருப்புகிறார் என்று. திரும்பும் வழியில் எதிரே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை பெரிசாகிக்கொண்டே வரும். அந்த மலையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

ஓசூர் விஷயம் சொன்ன அடுத்த ஞாயிறு வல்லத்தைத் தாண்டுவதற்குள்ளேயே வண்டி படுத்துவிட்டது. மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. எந்நேரமும் எரியும் விளக்கோடு இன்னொரு விளக்கும் எரிந்தது. ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வந்து எழிலன் ஷெட்டில் விட்டோம்.

எழிலன் மேல்சித்தாமூர்ப் பையன். பையன் என்கிறேன், அவனுக்கே இரண்டு பிள்ளைகள். சென்னையில் பெரிய கார் கம்பெனி சர்வீஸில் இருந்துவிட்டு வந்து இங்கே சொந்தமாக ஷெட் போட்டிருக்கிறான். அதிகம் பேசமாட்டான். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு வயரைச் செருகி, கையகல டேப் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் கூடவே போயிருந்தேன். இந்த மனுஷரைத் தனியாக விட்டால் மெக்கானிக்குக்கே டீசல் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்.

எழிலன் குழாயெல்லாம் கழற்றி ஊதிப் பார்த்தான். புதுசாகப் போட்ட சென்சாரைச் சோதித்தான். கடைசியில் ஆயில் குச்சியை உருவினான்.

“ஆயில் மார்க்குக்கு மேல இருக்குது.”

“ஏறுது தம்பி,” என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “நான் வாங்குனதுல இருந்து ஒரு சொட்டு கொறையல.”

எழிலன் குச்சியின் நுனியை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தான். அந்த விரலை இவர் மூக்கருகே நீட்டினான். முப்பது வருஷம் டீசலோடு வாழ்ந்தவர், முகர்ந்ததுமே இவர் முகம் மாறியது.

“டீசல் வாசன வருது.”

“ஆயில் ஏறலண்ணா. எரியாத டீசல் உள்ள எறங்கி ஆயில்ல கலந்திருக்குது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா இன்ஜினே போயிருக்கும்.”

பால் கறந்த கதையை எடுத்து விட எனக்கு வாய் துறுதுறுத்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

எழிலன் எங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னான். சைலன்சர் குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. புகையில் இருக்கும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விட்டு, அந்த இடத்தைப் பழுக்கச் சூடாக்கி, கரியை எரித்துவிடும். எங்கள் பள்ளிக்கூடச் சமையல் கூடத்தில் விறகடுப்பு இருந்த காலத்தில் புகைபோக்கியில் ஒட்டும் கரி எனக்குத் தெரியும். அடைத்துக்கொண்டால் அடுப்பே எரியாது. இதுவும் அப்படித்தான்.

“வண்டியில ஒரு கோளாறும் இல்லண்ணா. எரிக்க ஆரம்பிக்குது, பாதியில நின்னுடுது. திரும்ப ஆரம்பிக்குது, திரும்ப நின்னுடுது. பாதியில நின்னா விட்ட டீசல் எல்லாம் ஆயில்ல எறங்கும். கரி மட்டும் அப்படியே கெடக்கும். நீங்க எப்படி ஓட்டுறீங்கன்னு சொல்லுங்க. சூடேறுனா இன்னா பண்ணுவீங்க?”

“இன்னா பண்ணுவாங்க? நிறுத்துவேன்,” என்றார் இவர். “ஃபேன் இரையும், கருகுற வாசன வரும். இன்ஜின் சூடேறுனா உடனே நிறுத்தி ஆற வைக்கணும். இல்லனா பிஸ்டன் புடிச்சிக்கும். இது கூடவா தெரியாது?”

“அது கெணத்து இன்ஜினுக்குண்ணா. இது வேல செய்யறதே அப்பதான். நீங்க வேலைய பாதியில நிறுத்தியிருக்கீங்க.”

இவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். எழிலன் டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த கேள்வியைக் கேட்டான்.

“ஞாயித்துக்கெழம எங்க போவக் கெளம்புவீங்க?”

“திண்டிவனம்.”

“திண்டிவனத்துல இன்னா?”

சும்மா என்று சொல்வார் என்று நினைத்தேன். ரோடு நல்லாருக்குது என்று சொல்வார் என்று நினைத்தேன்.

“பொண்ணு வூடு,” என்றார்.

பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷமாக இந்த வாயிலிருந்து வராத வார்த்தை. அதை என்னிடம் சொல்லாமல் மெக்கானிக்கிடம் சொல்கிறார், வண்டிக்கு நோய் கேட்கிறவனிடம்.

“அப்புறம் ஏன் தீவனூர்லயே திரும்பிடுறீங்க?”

“கெளம்பும்போதே மனசு ஒரு மாதிரி இருக்கும். போலாமா வேணாமான்னு. தீவனூர் வந்ததும் வண்டி சூடேறிடும். போவும்போதே தடங்கலானா அது நல்ல சகுனம் இல்ல. ஒரு வாரமா, ரெண்டு வாரமா? ஒவ்வொரு வாரமும் அதே எடத்துல. வண்டிக்கே வேணாம்னு இருக்குது, நான் இன்னா பண்றதுன்னு திரும்பிடுவேன்.”

எங்கள் பக்கத்தில் வெளியே கிளம்பும்போது பூனை குறுக்கே போனாலே திரும்பி வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, உட்கார்ந்து எழுந்துதான் போவோம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த மனுஷரிடம் இப்படி ஒரு காரைக் கொடுத்தால் என்ன ஆகும்? கரியை எரிக்கிற நேரத்தை அவர் கடவுள் போடுகிற தடை என்று நினைத்திருக்கிறார். அந்தத் தடையைத் தலை மேல் வைத்துக்கொண்டு பிள்ளையாருக்கு ஒரு கும்பிடும் போட்டிருக்கிறார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நடிக்கிறார் என்று மனசுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன். அவரோ ஒவ்வொரு ஞாயிறும் மகளைப் பார்க்கத்தான் சட்டை மாட்டியிருக்கிறார்.

எழிலன் ஆயிலை மாற்றினான். புதுசாக எரிந்த கோளாறு விளக்கை மட்டும் அணைத்தான். வண்டியை நிறுத்தி வைத்தே கரியை எரிக்கலாமாம். ஆனால் ஷெட்டை ஒட்டி வைக்கோல் போர் இருந்தது. சைலன்சர் பழுக்கச் சூடாகும், ஒரு பொறி போதும் என்றான். அதனால் ரோட்டில் ஓட்டித்தான் எரிக்க வேண்டும். “நீங்களே ஓட்டுங்கண்ணா. நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன். நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. இந்தத் தடவையும் பாதியில விட்டா, அந்த வடிகட்டியக் கழட்டிப் போட வேண்டியதுதான்.”

முன்சீட்டில் நாங்கள் இருவரும், பின்சீட்டில் டேப்போடு எழிலனும். கோட்டை மலை கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே வந்தது. இன்றைக்கு அதைப் பார்க்க எனக்கு எரிச்சல் வரவில்லை.

வல்லம் வரை எழிலன் டேப்பையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, “கொஞ்சம் மிதிங்கண்ணா. அறுவதுல வைங்க” என்றான். இவர் அறுபதில் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். அதை ஒதுக்கி ஓட்டும்போது இவர் நெற்றியில் வியர்த்தது. தொண்டூருக்குப் பிரியும் இடத்தில் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைத் தாண்டத் தயாராக நின்றது. மேய்க்கிறவர் கழியை நீட்டி ஆடுகளைத் தடுத்து எங்களை விட்டார். அவர் யாரோ, நல்லா இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஆரம்பிச்சிடுச்சி,” என்றான் எழிலன். “சூடு ஏறுது. நல்லா ஏறுது. அப்படியே போங்க.”

தீவனூர் வந்தது. வேகத்தடைக்காக வேகம் குறைந்ததும் அந்த இரைச்சல் கேட்டது. ஃபேன் உறுமியது, கருகுகிற வாசனை உள்ளே வந்தது. ஒவ்வொரு வாரமும் நிறுத்துகிற மரம் கண்ணுக்குத் தெரிந்தது. இவர் கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழும்புவதை நான் பார்த்தேன்.

“எழிலா, நிறுத்திடட்டுமா? சத்தம் பயங்கரமா இருக்குது.”

“நிறுத்தாதீங்கண்ணா. எரியட்டும்.”

“ரொம்ப சூடாவுதுப்பா.”

“ஆவட்டும். அதுக்குத்தான் வந்திருக்குறோம்.”

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். இவர் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கோயில் பக்கம் பார்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். “வரும்போது வரேன்பா” என்று பிள்ளையாரிடம் சொன்னார். மரம் பின்னால் போனது. வண்டி மறுபடி வேகமெடுத்தது, இரைச்சல் அடங்கியது.

தீவனூர் தாண்டி இருக்கிற ஊரெல்லாம் எனக்குப் புதுசு இல்லை. எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு வயலும், ஒவ்வொரு செங்கல் சூளையும் புதுசாகத் தெரிந்தது. ரோட்டோரத்து வேப்பமரத்தைக்கூடத் தலையைத் திருப்பிப் பார்த்தேன். இந்த மரத்தை அவள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பாள் என்று தோன்றியது.

திண்டிவனம் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கு அணைந்தது. அது அணைந்ததை முதலில் பார்த்தது இவர்தான்.

“முடிஞ்சிடுச்சிண்ணா,” என்றான் எழிலன். “கரி சுத்தமா எரிஞ்சிடுச்சி. இனிமே எங்க வேணா நிறுத்தலாம். இங்கியே திருப்பிக்கலாம், எடம் இருக்குது.”

இடம் இருந்தது. பெட்ரோல் பங்க் ஒன்று, லாரி திரும்புகிற அளவுக்கு அகலமான முன்பக்கத்தோடு. வண்டிக்கு நோய் தீர்ந்துவிட்டது. இனி இவரைத் தள்ளிக்கொண்டு போக ஒரு கட்டாயமும் இல்லை, நிறுத்த ஒரு சாக்கும் இல்லை. பங்க் வந்தது. இண்டிகேட்டர் போடுகிறாரா என்று அவர் விரலையே பார்த்தேன். விரல் அசையவில்லை. பங்க் பின்னால் போனது.

ஊருக்குள் நுழைந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“எந்தத் தெரு?”

நான் அந்தத் தெருவைப் பார்த்ததே இல்லை. ஆனால் மனசுக்குள் நடந்து நடந்து எனக்கு அது மனப்பாடம். “தண்ணி டேங்க் வரும். அதுல சோத்துக் கை பக்கம் திரும்புங்க. பால் கடைய ஒட்டி உள்ள போனா பச்ச கேட்,” என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

பச்சை கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தன. வராந்தாவில் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கொடியில் நர்ஸ் கோட்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. நான் இறங்கி நின்றேன்.

சத்தம் கேட்டு சின்னப்பொண்ணு உள்ளேயிருந்து வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள். அப்புறம் வண்டிக்குள் பார்த்தாள். முடி நரைத்திருந்தது. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள். தாழ்ப்பாள் போட்டிருந்தது.

“சுமா டூட்டிக்குப் போயிருக்குது. புள்ளையும் வூடு பாக்க ஓசூர் போயிருக்கான். சுமா வர சாயங்காலம் ஆவும்,” என்றாள். கொஞ்சம் நிறுத்தி, வண்டிக்குள் பார்த்தபடியே கேட்டாள். “இருக்கறீங்களா, போறீங்களா?”

இவர் தலையைத் தூக்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. அன்றைக்கு இவர் எழுந்து வந்து இந்த ஒரு கேள்வியை அவளிடம் கேட்டிருந்தால் போதுமே என்று நினைத்தேன். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள். கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை, நகரவும் இல்லை. நின்றாள்.

இவர் மெதுவாகப் பின்சீட்டுப் பக்கம் திரும்பினார்.

“எழிலா. இப்ப நிறுத்தலாமா?”

அது முடிந்துவிட்டது என்று அவன் எப்போதோ சொல்லிவிட்டான். அதை ஞாபகப்படுத்தாமல், “நிறுத்தலாம்ணா” என்றான்.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது. ஃபேன் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இவர் கதவைத் திறந்து இறங்கி, கேட்டுக்கு முன்னால் வந்து வெயிலில் நின்றார். கும்பிடவா வேண்டாமா என்று தெரியாமல் கை பாதி தூரம் எழும்பி நின்றது.

“இன்னா இன்னும் சத்தம் வருது?” என்றாள் சின்னப்பொண்ணு.

“சூடுமா,” என்றார் இவர். “நெறைய நாளா சேந்தது. ஆற நேரமாவும்.”

சின்னப்பொண்ணு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாழ்ப்பாளை எடுத்தாள்.

“ஆறட்டும். உள்ள வந்து உக்காருங்க.”

அவர் முதலில் போனார். வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு கிடந்தது. வலது குதிகால் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து என் பெண் செருப்பை அப்படித்தான் தேய்ப்பாள். நான் என் செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் விட்டேன். சாயங்காலம் ஆக இன்னும் நிறைய நேரம் இருந்தது.